குடும்பத்துக்கு செடான்: பாதுகாப்பை எப்படிப் பார்த்து வாங்குவது? (கேள்வி பதில்)

திருச்சி வாசகர்: ஹூண்டாய் வெர்னா, ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் ரெண்டுமே குளோபல் என்கேப்ல 5 ஸ்டார். அப்புறம் எதை வெச்சு சார் முடிவு பண்றது?

குளோபல் என்கேப் என்பது கார்களை மோதவிட்டுப் பார்த்து, பாதுகாப்புக்கு ஸ்டார் தரும் அமைப்பு. அதன் அறிக்கையில் ஸ்டாருக்குக் கீழே இருக்கும் வரியைப் படியுங்கள். 2023இல் வந்த முடிவுகளில், பெரியவர்கள் பாதுகாப்பில் விர்ட்டஸ் 34க்கு 29.71, வெர்னா 28.18. மார்க்கில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் விர்ட்டஸின் பாடி நிலையானது என்றும், வெர்னாவின் பாடி நிலையற்றது, இதற்கு மேல் பாரம் தாங்காது என்றும் அறிக்கை சொல்கிறது. 64 கிமீ வேகத்தில், முகப்பின் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் படும்படி மோதுகிறார்கள். நிலையற்றது என்றால் அந்த வேகத்திலேயே பாடி தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள். ஏர்பேக் விரிந்து உங்களைத் தாங்க, கேபினுக்குள் இடம் மிஞ்சியிருக்க வேண்டும். எனவே என் ஓட்டு முதலில் பாடிக்குத்தான், ஏர்பேக் எண்ணிக்கை அடுத்தது.

இன்னொன்று: மதிப்பெண், சோதித்த வேரியன்ட்டுக்கும் அந்தத் தயாரிப்புக் காலத்துக்கும் உரியது. நீங்கள் எடுக்கும் வேரியன்ட்டில் ஈஎஸ்சி (கார் சறுக்காமல் நேராக்கும் வசதி), ஆறு ஏர்பேக், பின்சீட்டில் மூன்று பேருக்கும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா என்று புரோஷரின் கடைசிப் பக்க அட்டவணையில் ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். ஷோரூமில் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

கோவை வாசகி: பாரத் என்கேப்பும் இதுவும் ஒண்ணா?

பாரத் என்கேப் நம் நாட்டின் சொந்த மோதல் சோதனை. பெரும்பாலும் அதே முறைதான். 2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முன்மோதல் அதே 64 கிமீ. பக்கவாட்டு மோதல் 50 கிமீ, கம்பத்தில் மோதுவது 29 கிமீ. 5 ஸ்டாருக்குப் பெரியவர்களுக்கு 32க்கு 27, குழந்தைகளுக்கு 49க்கு 41 வேண்டும். கம்பச் சோதனையை மட்டும் தனியாகப் பாருங்கள். புளியமரத்தில் பக்கவாட்டாக மோதுவது இதைப் போன்றதுதான். அதில் தலையைக் காப்பது, ஜன்னலை மறைத்துத் திரைபோல் இறங்கும் கர்ட்டன் ஏர்பேக்.

மதுரை வாசகர்: அம்மாவுக்கு 70 வயசு, பின்னாடிதான் உட்காருவாங்க. பெல்ட் போட மாட்டேங்குறாங்க. சீட் கவர் போட்டதுல பக்கிளும் உள்ள போயிருச்சு.

முதலில் அந்த சீட் கவரைக் கழற்றுங்கள் அண்ணா. பக்கிள் குஷனுக்கு மேலே நிமிர்ந்து நிற்க வேண்டும், ஒரு கையால் மாட்ட வர வேண்டும். விரலை விட்டுத் தேட வேண்டியிருந்தால் யாருமே போட மாட்டார்கள். முன்சீட்டின் வெளிப்பக்க ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதிய சிறு துணிப்பட்டி இருக்கும். அந்தத் தையல் கிழிந்துதான் பக்கவாட்டு ஏர்பேக் வெளியே வரும். அதன் மேல் கவரை இறுக்கித் தைத்திருந்தால் ஏர்பேக் நேரத்துக்கு வராது, வந்தாலும் திசை மாறும்.

அம்மாவுக்கு பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்றால், அடியில் தலையணை போட்டு உயர்த்தாதீர்கள். இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். பட்டை தொடை எலும்பை ஒட்டி, இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். பின்சீட்டில் பெல்ட் போடாதவர் மோதலில் முன்சீட்டின் முதுகில் விழுவார், முன்னால் இருப்பவரும் நசுங்குவார். 1,000 ரூபாய் அபராதத்தைவிட இதை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். பிள்ளைக்கு அடிபடும் என்றால் போட்டுக்கொள்வார்.

சேலம் வாசகி: 10 மாசக் குழந்தை. சைல்டு சீட்டை முன்னாடி வெக்கலாமா?

வேண்டாம்மா. பின்னோக்கிய சீட்டை, ஏர்பேக் அணைக்கப்படாத முன்சீட்டில் வைப்பது உயிருக்கு ஆபத்து. பின்சீட்டில், பின்னோக்கியே வையுங்கள். சைல்டு சீட்டுக்கான ஆர்129 என்ற பாதுகாப்புத் தரம் குறைந்தது 15 மாதம்வரை அப்படித்தான் வைக்கச் சொல்கிறது. ஐசோஃபிக்ஸ் (சைல்டு சீட்டை காரின் பாடியோடு நேராகப் பூட்டும் முறை) கொக்கி மாட்டும்போது இரு பக்கமும் 'டக்' சத்தம் கேட்டு, பச்சை அடையாளம் தெரிய வேண்டும். அதன்பின் சீட்டை அசைத்தால் ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. வாரை இறுக்கியபின் தோள்பட்டையில் அதைக் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு விரலுக்குள் வந்தால் இன்னும் இறுக்க வேண்டும். காரை வாங்கும் முன்பே சைல்டு சீட்டைக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். சில செடான்களில் கொக்கி குஷனுக்குள் ஆழமாகப் புதைந்திருக்கும்.

சென்னை வாசகர்: 2019 மாடல் பெரிய செடான் ஒண்ணு நல்ல விலைக்கு வருது. வெள்ளத்துல நின்னதா, அடிபட்டதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் இந்தக் கேள்வி மிக முக்கியம். ஏனென்றால் பல கார்களில் ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் கியர் லீவருக்கு முன்னால், தரையை ஒட்டியே இருக்கிறது. முழங்கால் அளவு தண்ணீர் போதும்.

நான்கு சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழுங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கும் கடைசி ஒரு அடியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். பெல்ட்டின் அடியில் தைத்த லேபிளில் தயாரிப்புத் தேதி பாருங்கள். காருக்குப் பின் வந்த தேதியானால் மாற்றியிருக்கிறார்கள், காரணம் கேளுங்கள். பட்டை வழுவழுப்பாகத் தேய்ந்து, மேல் வளையத்தின் பிளாஸ்டிக்கில் உருகிய கீறல் இருந்தால், அந்த பெல்ட் ஒரு பலத்த மோதலைத் தாங்கியிருக்கிறது.

அடுத்து முன்சீட்டுக்குக் கீழே டார்ச் அடியுங்கள். மஞ்சள் கனெக்டர் ஏர்பேக் சார்ந்தது. அதில் பச்சை பூத்திருந்தாலோ, சீட் தண்டவாளத்தில் துரு இருந்தாலோ விட்டுவிடுங்கள்.

இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு சில வினாடி எரிந்து தானாக அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். ஆயில் விளக்கோடு அச்சாக ஒரே நேரத்தில் அணைந்தால் இரண்டையும் ஒரே ஒயரில் கட்டியிருக்கலாம். வெடித்த ஏர்பேக்குக்குப் பதில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகி யூனிட்டை ஏமாற்றும் வேலையும் நடக்கிறது. அப்போது விளக்கு ஒழுங்காகவே அணையும், சாதாரண ஸ்கேனருக்கும் சிக்காது. அதனால் ஸ்டீயரிங், டேஷ்போர்டு மூடிகளின் நிறமும் தையலும் மற்ற பாகத்தோடு பொருந்துகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஏர்பேக் யூனிட்டுக்குள் போய்ப் படிக்கும் ஸ்கேனர் உள்ள ஆளை அழைத்துப்போனால் பதிவான மோதலின் பிழைக் குறியீடும் தெரியலாம். அந்தக் கூலிக்கு யோசிக்காதீர்கள்.

ஈரோடு வாசகர்: முன்னாடி புல் பார் போடலாமா?

கூடாது. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. மோதலின் வேகத்தை பம்பரும், அதன் பின்னால் நசுங்குவதற்கென்றே வைத்த கிராஷ் பாக்ஸும் நசுங்கி வாங்க வேண்டும். புல் பார் அதை நேராக காரின் சட்டகத்துக்குக் கடத்துகிறது, ஏர்பேக் சென்சாரின் கணக்கும் குழம்பும்.

வேலூர் வாசகர்: அடாஸ் இருந்தா ஹைவேல லாரி பின்னாடி இடிக்காதுதானே?

அடாஸ் என்பது கேமரா, ரேடார் வைத்து முன்னால் இருப்பதைப் பார்த்து எச்சரித்து, தேவைப்பட்டால் தானே பிரேக் போடும் வசதி. அப்படி நம்பி ஓட்டாதீர்கள். விளக்கில்லாமல் ஓரமாக நிற்கும் லாரியை அதிவேகத்தில் அணுகும்போது பிரேக் தாமதமாகலாம், விழாமலும் போகலாம். செடானின் பானட் தாழ்வு, லாரியின் அடியில் நுழைந்துவிடும். அப்போது அடி பம்பரில் அல்ல, முன்கண்ணாடியிலும் அதன் தூணிலும் விழுகிறது. எந்த ஸ்டாரும் இந்த மோதலைச் சோதித்துத் தரப்படுவதில்லை. அடாஸுக்குக் கண்ணாக இருப்பது ஹோண்டா சிட்டியில் முன்கண்ணாடிக் கேமரா, வெர்னாவில் அதோடு முன்புற ரேடாரும். கண்ணாடி மாற்றினால் கேமராவை கேலிபரேட் செய்து (பார்வைக் கோணத்தைச் சரிபார்த்து அமைத்து), பில்லில் எழுதி வாங்குங்கள். ரேடாரை மறைத்து ஃபேன்சி கிரில், கூடுதல் விளக்கு போட வேண்டாம்.

தஞ்சாவூர் வாசகி: டெஸ்ட் டிரைவ்ல நானே பார்க்கக்கூடியது என்ன?

கிளம்பும் முன் உட்காரும் நிலையைச் சரிசெய்யுங்கள். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் 25 செமீ இடைவெளி, ஹெட்ரெஸ்டின் உச்சி உங்கள் உச்சந்தலை உயரம். அப்படி வைத்துவிட்டு பெடல் எட்டவில்லையென்றால், கார் எவ்வளவு நல்லதானாலும் உங்களுக்கு அது பொருந்தவில்லை. பிறகு பின்னால் வண்டி இல்லாத சாலையில் 40 கிமீயில் முழு பலத்தோடு பிரேக் மிதியுங்கள். ஏபிஎஸ் வேலை செய்தால் பெடல் காலுக்கடியில் துடிக்கும், காலை எடுக்காதீர்கள். ஒரு பக்கம் இழுத்தால் பிரேக்கையோ டயரையோ பார்க்க வேண்டும்.

இறங்கி டயரின் பக்கவாட்டில் DOT (டிஓடி) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நாலு எண்ணைப் படியுங்கள், அதுதான் டயரின் தயாரிப்புத் தேதி. 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். ஆறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் ஆழமாக இருந்தாலும் நாலு டயரின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.