பனி அள்ள எந்தச் சவல்? மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு 56 வயது. கனடாவின் மார்க்கம் நகரில் வசிக்கிறேன். பதினொரு வருடமாக நீரிழிவு, இரத்த அழுத்தமும் உண்டு. சீனிக்குக் கிளிக்கிளசைட், அழுத்தத்துக்கு மெட்டோபுரலோல் குளிசைகள் எடுக்கிறேன். போன விண்டரில் பனி அள்ளி, நாரி (கீழ்முதுகு) பிடித்து இரண்டு கிழமை படுத்துவிட்டேன். எங்கள் டிரைவ்வே இரண்டு கார் அகலம். பனியை ஊதி எறியும் இயந்திரமான ஸ்நோ புளோவர் வைக்கக் கராஜில் இடமில்லை. 30 அங்குல அகலச் சவல் (பனி அள்ளும் மண்வெட்டி) வாங்கினால் வேலை கெதியாக முடியும் என்கிறான் மகன். பிடி வளைந்த சவல்தான் நாரிக்கு நல்லது என்கிறார் கூட வேலை செய்பவர். எதை வாங்குவது?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி சரி. 30 அங்குலச் சவல் வாங்கலாம், ஆனால் அதனால் ஒரு தடவைகூடப் பனியைத் தூக்கக் கூடாது. வளைந்த பிடியும் உதவும், தூக்கும் சவலில் மட்டும். தள்ளவும் தூக்கவும் ஒரே சவலைப் பாவிப்பதால்தான் பலருக்கு நாரி பிடிக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியதில் நாரியைவிடக் கவலை தருவது நீரிழிவும் அழுத்தமும். ஆகவே சவலுக்கு முன் இதயம்.

1995இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு சிறிய ஆய்வு வந்தது. உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத, ஆனால் நோயும் இல்லாத 10 இளம் ஆண்களை ஈரப் பனி அள்ள விட்டுப் பார்த்தார்கள். இரண்டே நிமிடத்தில் அவர்களின் இதயத் துடிப்பு, பயிற்சிக்குப் பாதுகாப்பானது என்று சொல்லப்படும் மேல் எல்லையைத் தாண்டிவிட்டது. கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான பதிவுகளைப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது. 20 செ.மீ. பனி கொட்டிய மறுநாள், ஆண்கள் மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு பனியில்லாத நாளைவிட 34 விழுக்காடு கூடியிருந்தது. பெண்களிடம் அந்த ஏற்றம் காணப்படவில்லை. யார் சவலைத் தூக்குகிறார்கள் என்பதுதான் காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இப்படி நடப்பதற்குக் காரணங்கள் பல. கைத்தசைகள் சிறியவை, அதே வேலையைக் கால்கள் செய்வதைவிடக் கைகள் செய்தால் இதயத் துடிப்பும் அழுத்தமும் அதிகம் ஏறும். பாரத்தைத் தூக்கும்போது மூச்சை அடக்குகிறோம், அழுத்தம் மேலும் எகிறுகிறது. குளிர்காற்று இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இத்தனையும் ஒரே நேரத்தில், அதுவும் விடியற்காலையில், படுக்கையிலிருந்து எழுந்த கையோடு நடக்கின்றன. உங்களுக்கு மேலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. நீண்டகால நீரிழிவில் நரம்பு மந்தமாகி, மாரடைப்பு நெஞ்சு நோ இல்லாமலே வரலாம். மூச்சு வாங்குதல், குளிர்ந்த வியர்வை, ஓங்காளம் மட்டும்தான் அடையாளமாக இருக்கும். மெட்டோபுரலோல் துடிப்பை அடக்கி வைப்பதால் மணிக்கூட்டில் தெரியும் துடிப்பு எண்ணை நம்ப முடியாது. ஒரு முழு வசனத்தை இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் நிறுத்துங்கள்.

ஆகவே முதல் பனிக்கு முன் குடும்ப வைத்தியரிடம் போய், "நான் பனி அள்ளலாமா?" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். பொதுவாகச் செக்கப்புக்குப் போய் வந்தால் இந்தக் கேள்வி எழாது. வேண்டாம் என்று அவர் சொன்னால் எந்தச் சவலும் வேண்டாம்.

சரி என்றால், பாரத்தைக் கணக்கிடுவோம். உங்கள் டிரைவ்வே சுமார் 5 மீற்றர் அகலம், 10 மீற்றர் நீளம் என்று வைப்போம். 15 செ.மீ. பனி விழுந்தால் 7.5 கன மீற்றர். உலர்ந்த புதுப்பனி கன மீற்றருக்கு 100 கிலோ அளவில் இருக்கும். மார்ச் மாதத்து ஈரப் பனி 300ஐத் தொடும். முதலாவது 750 கிலோ, இரண்டாவது 2,250 கிலோ, அதாவது 45 சீமெந்து மூட்டை. பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான்.

சவலும் பனியும் சேர்ந்து ஒரு தூக்குக்கு 5 முதல் 7 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது கனடாவின் தொழில்சார் சுகாதார, பாதுகாப்பு நிலையத்தின் அறிவுரை. சவலின் எடை 1.5 கிலோ அளவில் இருந்தால் போதும். 18 அங்குலத் தகட்டில் ஈரப் பனியை நிறைத்தால் 5.5 கிலோ வரும், சவலோடு 7. எல்லைக்கு வந்துவிட்டோம். 30 அங்குலத் தகட்டில் அதே பனி, அகலத்தை மட்டும் கணக்கிட்டாலே, 9 கிலோவைத் தாண்டும். போன வருடம் உங்கள் நாரி பிடித்ததன் கணக்கு ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும்.

வாங்க வேண்டியது மூன்று பொருட்கள். விலை கூடியதைத் தேட வேண்டாம், அளவு சரியாக இருந்தால் போதும்.

முதலாவது தள்ளும் சவல். தகடு 24 முதல் 30 அங்குலம், நன்றாக வளைந்து முன்னால் பனியை உருட்டிக்கொண்டு போக வேண்டும். பிடி நேராக இருக்கட்டும். வளைந்த பிடியால் தள்ளினால் விசை தகட்டுக்கு நேராகப் போகாது. நிமிர்ந்து நிற்கும்போது பிடியின் நுனி நெஞ்சு உயரத்துக்கு வர வேண்டும். உங்களுக்கு 24 அங்குலமே போதும், ஏனெனில் ஈரப் பனியில் 30 அங்குலம் பாதி வழியில் நின்றுவிடும். அப்போது அதைத் தூக்கி எறியத்தான் கை போகும். பிளாஸ்டிக் தகடு எடை குறைந்தது, பனி அதிகம் ஒட்டாது, ஆனால் கடுங்குளிரில் அடிபட்டால் வெடிக்கும். முனையில் உலோகப் பட்டி வைத்தது வெறும் தாரில் நன்றாகச் சுரண்டும். இன்டர்லொக் கல்லில் அது இடுக்கில் தட்டித் தட்டி நிற்கும். ஒவ்வொரு தட்டும் மணிக்கட்டுக்கும் நாரிக்கும் வந்து சேரும். கல் போட்ட டிரைவ்வே என்றால் பட்டி இல்லாததையே எடுங்கள்.

இரண்டாவது தூக்கும் சவல். தகடு 18 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். உங்கள் கூட வேலை செய்பவர் சொன்ன வளைந்த பிடி இங்கேதான் வேலை செய்யும்: குனிவு குறையும். ஆனால் பனியைப் பக்கவாட்டில் எறியும்போது தகடு கையில் சுழலப் பார்க்கும். அதை அடக்க மணிக்கட்டு உழைக்கும். ஆகவே எறியாமல், நடந்துபோய்க் கொட்டுபவருக்கே அது பொருந்தும். நேர்ப் பிடிச் சவல் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அதன் நடுவில் பொருத்தும் இரண்டாவது கைப்பிடி தனியாகக் கிடைக்கிறது. அதுவும் குனிவைக் குறைக்கும்.

மூன்றாவது பொருளைப் பலர் வாங்குவதில்லை. உங்களுக்கு அதுதான் முக்கியம். அகலமான ஆழமான தொட்டி, அதற்கு ப வடிவத்தில் இரண்டு கையாலும் பிடிக்கும் பெரிய பிடி. ஸ்நோ ஸ்கூப் அல்லது ஸ்லே சவல் என்று கேளுங்கள். பனிக்குள் அதைச் செருகி, பிடியைக் கீழே அழுத்தி, தொட்டியைச் சறுக்கவிட்டுப் புல்வெளிவரை கொண்டுபோய்க் கவிழ்க்கலாம். தூக்கவே வேண்டியதில்லை, உழைப்பு கால்களுக்கு மாறிவிடும். கராஜ் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டால் இடமும் பிடிக்காது.

கடையில் எடுத்துப் பார்க்கும்போது விண்டர் கையுறையைப் போட்டுக்கொண்டு பாருங்கள். பிடி சிறியதாக இருந்தால் விரல்களை இறுக்க வேண்டிவரும். தகட்டில் பனி ஒட்டாமலிருக்க சிலிக்கன் ஸ்பிரே அடிக்கலாம், சமையல் எண்ணெய் ஸ்பிரேயும் செய்யும். இது சின்ன விடயம்போல் தோன்றினாலும், ஒட்டிக்கொண்ட ஈரப் பனியை ஒவ்வொரு தடவையும் உதறுவதில்தான் தோள் நோகிறது.

வேலை செய்யும் முறை: பனி முழுவதும் ஓயும்வரை காத்திருக்காமல் 5 செ.மீ. விழுந்ததும் ஒரு தடவை தள்ளிவிடுங்கள். நடுவில் ஒரு வழி எடுத்து, அங்கிருந்து இரு பக்கமும் தள்ளினால் தூரம் பாதியாகும். தூக்க நேர்ந்தால் ஒரு கை தகட்டுக்குக் கிட்ட இருக்க வேண்டும், முழங்காலை மடியுங்கள், மூச்சை வெளியே விட்டபடி தூக்குங்கள், இடுப்பைத் திருப்பாமல் பாதங்களைத் திருப்புங்கள். ஆழப் பனியை மேலிருந்து படை படையாக எடுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம். உங்களுக்கு நான் பத்து என்பேன், பிறகு உள்ளே வந்து இருங்கள். புறப்படுமுன் வீட்டுக்குள் ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள், வாயையும் மூக்கையும் சால்வையால் மூடுங்கள்.

கிளிக்கிளசைட் எடுப்பவருக்கு உழைக்கும்போது சீனி அதிகம் இறங்கலாம், ஆகவே வெளியே போகுமுன் இரத்தச் சீனி பாருங்கள். லீற்றருக்கு 5.5 மில்லிமோலுக்குக் கீழே என்றால் 15 கிராம் மாச்சத்து, உதாரணமாக 150 மி.லீ. பழச்சாறு, எடுத்துவிட்டுப் போங்கள். மெட்டோபுரலோல் சீனி இறங்கும்போது வரும் படபடப்பை மறைத்துவிடும், வியர்வை மட்டும் வரும். வேலை செய்த வியர்வை என்று எண்ணி அதை விட்டுவிட வேண்டாம்.

அடுத்தது டிரைவ்வே வாசலில் நகரசபையின் பிளவ் (பனி தள்ளும் வண்டி) விட்டுச்செல்லும் கட்டிக் குவியல். உப்பும் ஐஸும் சேர்ந்து நசுங்கியது, கல்லுக்குக் கிட்ட. மற்ற எல்லாம் முடிந்து களைத்த நேரத்தில்தான் அதற்கு வருவோம். அதை மகனிடம் விடுங்கள். அவர் இல்லாத நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காசு கொடுத்துச் செய்விக்கலாம். முதியோருக்கும் இயலாதவர்களுக்கும் இதற்கென உதவித் திட்டங்கள் சில நகரசபைகளில் உண்டு, நிபந்தனைகளைத் தொலைபேசியில் கேளுங்கள். குவியலைக் குறைக்க ஒரு வழி: வீதியைப் பார்த்து நின்றால் பிளவ் உங்கள் இடது கைப்பக்கத்திலிருந்து வரும். வாசலுக்கு இடப்பக்கம், வீதியோரத்தில் ஒரு காரளவு இடத்தை முன்கூட்டியே துப்புரவாக்கினால், தகட்டில் வரும் பனியில் பெரும்பகுதி அங்கே விழுந்துவிடும். பனியை வீதியில் தள்ளாதீர்கள், தண்டம் வரும்.

நெஞ்சு இறுக்கம், தாடை அல்லது கை நோ, காரணமில்லாத மூச்சு வாங்குதல் வந்தால் சவலைப் போட்டுவிட்டு உள்ளே வந்து 911ஐ அழையுங்கள். தானாகக் காரோட்டிப் போக வேண்டாம். அஸ்பிரின் ஒவ்வாமை இல்லாவிட்டால், 81 மி.கி. குளிசை இரண்டைச் சப்பி விழுங்கச் சொல்வார்கள். நாரி நோ காலுக்கு இறங்கிப் பாதம் பலவீனமானாலோ, சிறுநீர் போக முடியாமலோ மறைவிடம் உணர்விழந்தோ போனாலோ அதுவும் அவசரம்தான், காலைவரை காத்திருக்கக் கூடாது.

உள்ளே வந்ததும் ஈரக் காலுறையை மாற்றி, பாதங்களைக் கண்ணால் பாருங்கள். நீரிழிவில் குளிர் கடித்தாலும் விரல் நோகாமல் இருக்கலாம். வெளிறியோ மெழுகு நிறமாகவோ தெரிந்தால் தேய்க்க வேண்டாம், சுடுநீர்ப் பையும் வைக்க வேண்டாம். உடல் சூட்டளவு வெதுவெதுப்பான நீரில் காலை வையுங்கள். தண்ணீரின் சூட்டை உங்கள் காலால் பார்க்காமல், வீட்டில் வேறொருவரின் முழங்கையால் பார்க்கச் சொல்லுங்கள். நிறம் திரும்பாவிட்டால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.