கருவைக்குள் ஓடிய ஆட்டைத் தேட: தடமா, வெப்பக் கேமராவா? (கேள்வி பதில்)

மூன்று தலைமுறையாக, ஆட்டு மந்தையை ராத்திரியில் வயலில் அடைத்துக் கிடை போடும் வீடு எங்களுடையது. அப்பா கீதாரி, அதாவது மந்தையை நடத்தும் தலைவர்; தடம் பார்க்க அவரிடம்தான் கற்றேன். நான்கு வருடமாக வெப்பக் கேமராவும் கையில் இருக்கிறது. நாய் கடித்துச் சீமைக்கருவை முட்காட்டுக்குள் ஓடிப் படுத்துவிட்ட ஆட்டை எப்படித் தேடுவது என்பது பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில்.

சாயல்குடி: அண்ணே, நேற்று ராத்திரி நாய்கள் கிடைக்குள் புகுந்துவிட்டன. இரண்டு செம்மறியைக் காணோம். எங்கிருந்து தொடங்க?

தம்பி, முதல் வேலை ஆட்களை வெளியே நிறுத்துவது. ஆடு காணோம் என்றதும் பத்துப் பேர் பத்துப் பக்கம் ஓடுவார்கள். தடமெல்லாம் அவர்கள் காலடியில் போய்விடும். கடைசியாகப் பார்த்த இடத்தை மிதிக்காதீர்கள். இதை இன்று பலமுறை சொல்வேன்.

கிடையைச் சுற்றி முப்பது அடி தள்ளி ஒரு வட்டம் நடந்து பாருங்கள். உள்ளே ஆயிரம் குளம்படி இருக்கும், அதில் ஒன்றும் புரியாது. வட்டத்தைத் தாண்டி வெளியே போன தடம் ஒன்றிரண்டுதான் இருக்கும். ஓடிய ஆட்டின் குளம்பு விரிந்து, முன்பக்கம் மணலை வாரியிருக்கும். நொண்டும் காலின் தடம் ஆழம் குறைந்து, நுனி இழுபட்ட கோட்டோடு தெரியும். நம் பக்கத்து மணலில் ராத்திரி வண்டும் பூச்சியும் ஊர்ந்து கோடு போடும். அந்தக் கோடு குளம்படிக்கு மேலே ஓடினால் தடம் பழசு. குளம்படி அந்தக் கோட்டை வெட்டியிருந்தால் தடம் அதற்குப் பிந்தியது.

சூரியன் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கும்படி நடங்கள், அப்போதுதான் தடத்தின் விளிம்பில் நிழல் விழும். உச்சி வெயிலில் நிழலே இல்லை, தடமும் தெரியாது. தடம் விட்டுப்போனால் கடைசிக் குளம்படியில் ஒரு குச்சி நடுங்கள். இரண்டு குளம்படிக்கு நடுவில் உள்ள தூரத்தை இன்னொரு கம்பில் அளந்து, குச்சியிலிருந்து அதைச் சுழற்றிப் பார்த்தால் அடுத்த குளம்படி அந்த வளைவில்தான் இருக்கும். ரத்தத்தையும் பாருங்கள். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நெஞ்சுக்காயம், ரொம்ப தூரம் போயிருக்காது. பச்சையாகப் புளிச்ச வாடை வந்தால் வயிறு கிழிந்திருக்கிறது.

தேவிபட்டினம்: வெப்பக் கேமரா புதருக்குள் ஊடுருவிப் பார்க்கும் என்கிறார்களே?

பார்க்காது. பொருளின் மேற்பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரைத்தான் அது வாங்குகிறது, பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரான் அலைநீளம் வரை. ஓர் இலை குறுக்கே வந்தால் அந்த இலையின் சூட்டைத்தான் காட்டும். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் ஆளைக்கூட அதில் பார்க்க முடியாது. கருவையில் இலை சின்னது, அடர்த்தியில் இடைவெளி உண்டு; அந்த இடைவெளி வழியாக ஆட்டின் முதுகு துண்டு துண்டாகத் தெரியும். நீங்களோ கேமராவோ நகர்ந்துகொண்டே இருந்தால்தான் துண்டுகள் சேர்ந்து ஆடாகும்.

நேரமும் முக்கியம். ஆட்டின் உடல் சூடு 39 டிகிரி வாக்கில் இருக்கும். ரோமத்துக்கு மேலே அதைவிடக் குறைவு. பகல் மணல் அதைத் தாண்டிக் கொதிக்கும். வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு நேரம் ஆடும் தரையும் ஒரே சூட்டுக்கு வரும், அப்போது திரையில் ஒன்றும் பிரியாது. விடியலுக்கு முன், நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை பாருங்கள்.

தொண்டி: செல்போனில் தெர்மல் ஆப் போட்டால் போதுமா?

போதாது. அது படத்துக்கு நிறம் பூசும் ஆப், சூட்டை அளக்காது.

கீழக்கரை: நல்ல கேமரா என்ன விலை?

விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது, கடையில் கேளுங்கள்.

ராமநாதபுரம் (ட்ரோன் ஓட்டுபவர்): ஐயா, கோபிக்க வேண்டாம். இந்தத் தடம் பார்க்கும் வேலையெல்லாம் முடிந்துபோன காலம். என் ட்ரோன் அரை மணிக்குள் ஐம்பது ஏக்கரைப் பார்த்துவிடும்.

கோபம் இல்லை தம்பி, ஆனால் விரிவாகவே சொல்கிறேன். 640 புள்ளி (பிக்சல்) அகலம் உள்ள கேமரா, ஐம்பது பாகைப் பார்வை, அறுபது மீட்டர் உயரம் என்று வையுங்கள். தரையில் ஒரு புள்ளி ஏறக்குறைய 9 சென்டிமீட்டர். படுத்திருக்கும் ஆடு நீளத்தில் ஏழு புள்ளி, சரி. விலை குறைந்த 256 புள்ளிக் கேமராவில் அதே ஆடு மூன்று புள்ளி. அது ஆடா, கடித்த நாயா, வெயிலில் காய்ந்த கல்லா என்று எப்படிச் சொல்வீர்கள்? கடலாடிப் பக்கம் ராத்திரியில் பறந்து பாருங்கள். விறகைக் கரியாக்கும் கரிமூட்டம் ஒவ்வொன்றும் திரையில் வெள்ளையாக எரியும். தார் ரோடு மினுங்கும். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துத் தண்ணீர் விடியும் வரை தரையைவிடச் சூடாக இருக்கும்.

செத்த ஆடு உங்கள் ட்ரோனுக்கு இல்லவே இல்லை. சில மணி நேரத்தில் மேல்பக்கம் ஆறித் தரையோடு கலந்துவிடும். புழு வைத்த பிறகு அந்தப் புழுக்கூட்டத்தின் சூட்டில் மறுபடி தெரியும், அப்போது தெரிந்து என்ன பயன்? இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் தாயாடு ஒன்றுக்காக மத்தியானம் இரண்டு மணிக்கு ட்ரோன் வரவழைத்தோம். திரை முழுக்க வெள்ளை. தேடியவர்கள் தடத்தையும் மிதித்துவிட்டார்கள். மறுநாள் கிடையிலிருந்து அறுபது மீட்டரில் கிடந்தது. அன்று நான் தடத்தில் தொடங்கியிருக்க வேண்டும், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அதே நண்பர்: அது நேரம் தெரியாமல் பறந்ததன் தவறு. விடியலில் போன மாதம் மூன்று ஆடு எடுத்துக் கொடுத்தேன். உங்கள் தடம் பாறையிலும் காய்ந்த கண்மாயிலும் என்ன செய்யும்?

நியாயமான கேள்வி. வெடித்துக் காய்ந்த கண்மாய்த் தரையில் தடம் விழாது, அங்கே நானும் திணறியிருக்கிறேன். அங்கே முள்ளில் சிக்கிய ரோமம், ஈரம் மினுங்கும் புழுக்கை, கூடிக் கத்தும் காக்கை, இவைதான் வழி. உங்கள் ட்ரோன் அங்கே என்னைவிட வேகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐம்பது ஏக்கரில் எந்த ஐந்து ஏக்கர் என்பதைத் தடம்தான் சொல்லும்.

கடலாடி (ஒரு தங்கச்சி): இரண்டும் வேண்டாம் அண்ணே. எங்கம்மா அந்த ஆட்டின் குட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டோரம் போய்க் கத்த விடுவார். உயிரோடு இருந்தால் தாயாடு பதில் குரல் கொடுக்கும்.

அம்மா செய்வதுதான் சரி. நானும் தடம் முடிந்த இடத்தில் அதையே செய்கிறேன். கத்த விட்டுவிட்டு ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. காது வைக்க வேண்டும்.

ராமநாதபுரம் நண்பர்: குட்டி இல்லாத ஆட்டுக்கு?

கிடையிலிருந்து நாலைந்து ஆட்டை மெதுவாக அந்தப் பக்கம் ஓட்டிப் பாருங்கள். செம்மறிக்குத் தனிமை ஆகாது, கூட்டத்தின் குரல் கேட்டால் எழ முயலும். நீங்களும் நானும் ஒருநாள் சேர்ந்து போகலாம் தம்பி. நான் தடத்தைக் கொண்டுவந்து புதர் வாயில் விடுகிறேன், அங்கிருந்து நீங்கள் பறங்கள். இந்தப் பேச்சு இத்துடன் போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

முதுகுளத்தூர்: கேமராவில் இலைக்குப் பின்னால் தெரியுமா?

தேவிபட்டினத்துக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

பெரியபட்டினம்: கேமரா இருந்தால் ராத்திரி தைரியமாகக் காட்டுக்குள் போகலாம்தானே?

கூடாது. பாம்புக்கு உடல் சூடு தரையை ஒட்டியே இருக்கும், சுருட்டை விரியன் கேமராவில் தனியாகத் தெரியாது. திரை பளிச்சென்று இருப்பதால் கண்ணும் இருட்டுக்குப் பழகாது. டார்ச், கெட்டியான பூட்ஸ், கையில் கம்பு. கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், நேராக விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை.

பெயர் சொல்லாதவர்: அடிபட்ட முயல், மானைத் தேட எது சிறந்தது?

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அடிபட்ட மானைப் பார்த்தால் துரத்தாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வேட்டைக்கு நான் வழி சொல்ல மாட்டேன்.

மண்டபம்: எங்கள் பக்கம் ட்ரோன் விடலாமா?

உச்சிப்புளியில் கடற்படை விமான தளம் இருக்கிறது, கடலோரம் முழுக்கக் காவல். டிஜிட்டல் ஸ்கை என்னும் அரசின் ட்ரோன் வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா, அதாவது பறக்கத் தடையில்லாத பகுதியா என்று பார்க்காமல் எடுக்காதீர்கள்.

திருப்புல்லாணி: கேமராவில் இலைக்குள்...

தெரியாது. தெரியாது. மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

சிக்கல்: ஆடு கிடைத்த பிறகு?

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நாய் எச்சில் பட்ட காயத்தை சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வேண்டாம். 1962க்குக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். வெறிநோய்த் தடுப்பூசி ஒன்றோடு முடியாது, மருத்துவர் சொல்லும் எல்லாத் தேதிக்கும் போட வேண்டும். உங்கள் கையில் கீறல் இருந்து எச்சில் பட்டிருந்தால் உங்களுக்கும் ஊசி உண்டு.

சாயல்குடி (மறுபடி): அண்ணே, ஒன்று கிடைத்துவிட்டது, கழுத்தில் கடி, உயிர் இருக்கிறது. இன்னொன்றின் தடம் ஓடைக்கரையில் விட்டுப்போச்சு. ஆட்கள் இப்போதே உள்ளே போகட்டுமா என்கிறார்கள்.

போகக்கூடாது தம்பி. கடைசி அடியில் குச்சி நட்டு, சுற்றிக் கயிறு கட்டுங்கள். அந்த ஓடைக்கரையை யாரும் மிதிக்காதீர்கள். கிடைத்த ஆட்டுக்கு வைத்தியம் பாருங்கள். அதற்குக் குட்டி இருந்தால் தாயோடு விடுங்கள். காணாமல் போனதற்குக் குட்டி இருந்தால் அதை மட்டும் தனியாக வையுங்கள், பால் குடிக்க விட வேண்டாம், பசித்தால்தான் கத்தும். மூன்றரைக்குக் கேமராவோடு நான் வந்துவிடுவேன். ராமநாதபுரம் தம்பி, சாயல்குடி வரைபடத்தில் பச்சை என்றால் நீங்களும் பேட்டரி ஏற்றிக்கொண்டு வாருங்கள்.