மெர்லீன் ஓட்டி – கடிதம்

வணக்கம்,

தடகளம் பற்றிய உங்கள் கட்டுரையில் ஜமைக்காவின் குறுந்தூர ஓட்ட வீராங்கனை மெர்லீன் ஓட்டியை மகத்தான சாம்பியன் என்று எழுதியிருந்தீர்கள். ஏழு ஒலிம்பிக்கில் ஓடியும் ஒரு தங்கம்கூட வாங்காதவர் அவர். 'வெண்கல ராணி' என்றே பெயர். முதலில் வருபவர்தானே சாம்பியன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உலக சாம்பியன்ஷிப் 200 மீட்டரில் 1993இலும் 1995இலும் முதலில் வந்தவர் ஓட்டிதான். ஆகவே உங்கள் கணக்குப்படியே அவர் சாம்பியன். உங்களை உறுத்துவது ஒலிம்பிக் தங்கம். சரி, அதையே பார்ப்போம்.

1996 அட்லாண்டா, 100 மீட்டர் இறுதி. அமெரிக்காவின் கெயில் டெவர்ஸ் 10.94 நொடி, ஓட்டியும் 10.94 நொடி. போட்டோ ஃபினிஷில், அதாவது கோட்டைத் தொடும் கணத்தைப் படமெடுத்து முடிவு சொல்வதில், தலை, கை, கால் எதுவும் சேராது. உடம்பு கோட்டைத் தொட்ட கணம்தான் கணக்கு. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி வரை பிரித்துப் பார்த்துத்தான் டெவர்ஸுக்குத் தங்கம் கொடுத்தார்கள். இடைவெளி ஆயிரத்தில் ஐந்து பங்கு, தூரத்தில் சுமார் ஐந்து சென்டிமீட்டர். மூன்று வருடம் முன்பு ஸ்டுட்கார்ட் உலக சாம்பியன்ஷிப் 100 மீட்டரில் இருவருக்கும் 10.82, அங்கே ஆயிரத்தில் ஒரே ஒரு பங்கில் தங்கம் டெவர்ஸுக்குப் போனது. டெவர்ஸின் வெற்றியில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் 33 வயதிலும் 36 வயதிலும் ஓட்டி அவ்வளவு நெருங்கி வந்தாரே, அதைத் தோல்வி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

1993இல் பிரான்ஸின் லியேவின் நகரில் உள்ளரங்க 200 மீட்டரை 21.87 நொடியில் ஓடினார். உள்ளரங்கில் வளைவுகள் குறுகலாக இருக்கும், முழு வேகத்தில் திரும்புவது கடினம். அந்த உலக சாதனையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

அவர் செய்தது எல்லாமே சரி என்று சொல்ல மாட்டேன். 2000இல் ஜமைக்காவின் தேர்வுப் போட்டியில் நான்காவதாக வந்தார். ஆனாலும் தகுதி பெற்ற இளைய வீராங்கனையை ஒதுக்கி, சிட்னி ஒலிம்பிக் 100 மீட்டரில் இவரை இறக்கினார்கள். சக வீரர்களே எதிர்த்தார்கள். அந்த முடிவு அநியாயம் என்றே நினைக்கிறேன். சிட்னி இறுதியிலும் ஓட்டி நான்காவதாகவே முடித்தார். முதலில் வந்த மரியன் ஜோன்ஸின் தங்கம் ஊக்கமருந்து விவகாரத்தில் பறிபோன பிறகு வெண்கலம் இவருக்கு வந்தது. ஒலிம்பிக் பதக்கங்களில் அது ஒன்பதாவது.

அப்புறம் ஸ்லோவேனியக் குடியுரிமை பெற்று அந்த நாட்டுக்காக ஓடினார். 2012 ஐரோப்பிய சாம்பியன்ஷிப் தொடர் ஓட்டத்தில் இறங்கியபோது வயது 52. 1980 மாஸ்கோவில் முதல் வெண்கலம் வாங்கியவர் என்பதை நினைத்துப் பாருங்கள். குறுந்தூர ஓட்டத்தில் இப்படி ஒரு நீண்ட வாழ்க்கையை எனக்குத் தெரிந்து வேறு யாரும் வாழ்ந்ததில்லை. அதற்காகத்தான் 'மகத்தான' என்று எழுதினேன். அந்தச் சொல்லை மாற்றப் போவதில்லை.