புளியமரத்து வட்டில் தாது வருஷம் தெரியுமா?

கேள்வி: வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எங்கள் நிலத்தில் கொள்ளுத்தாத்தா வைத்த புளியமரத்தைச் சாலை அகலப்படுத்த வெட்டிவிட்டார்கள். அடிமரத்தில் ஒரு வட்டு அறுத்து வைத்திருக்கிறேன். எண்ணினால் 150 கோட்டுக்கு மேல் வருகிறது. அதில் 1876-ல் வந்த தாது வருஷப் பஞ்சம் எந்தக் கோடு என்று கண்டுபிடிக்க முடியுமா? ‘மர வயதுச் சான்றிதழ்’ வாங்கினால் இழப்பீடு கூடும் என்று ஒருவர் 12 ஆயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

அந்த ஆள் என்ன செய்வார் தெரியுமா? டேப்பைச் சுற்றி அளப்பார், வருஷத்துக்கு ஒரு அங்குலம் பருக்கும் என்று வகுப்பார், முத்திரை குத்திக் கொடுப்பார். அந்தக் கணக்கு இங்கிலாந்துத் தோட்டத்து மரங்களுக்குப் போட்டது. வரப்பில் நின்ற புளிக்கும் கிணற்றடிப் புளிக்கும் பருமன் ஒன்றாகவா இருக்கும்? 2013 நிலமெடுப்புச் சட்டத்தின் 29-வது பிரிவு, மரத்துக்கு மதிப்புப் போட வனம், தோட்டக்கலையில் அனுபவமுள்ளவர்களைக் கலெக்டர் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. புரோக்கர் காகிதத்துக்கு அதில் இடமில்லை. புளியில் அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது காய்ப்பு. மண்டிக்குப் புளி போட்ட சீட்டு இருந்தால் அதைத் தேடி எடுங்கள்.

இனி கோட்டுக்கு வருவோம். நீங்கள் எண்ணியது வருஷக் கணக்கு அல்ல. மரம் வளர்ச்சியை நிறுத்தி, மறுபடி தொடங்கும் இடத்தில்தான் வளையம் விழும். குளிர் நாட்டில் பனிக்காலம் வந்தால் மரம் நின்றுவிடும். ஆண்டுக்கு ஒன்று, கணக்கு சுத்தம். நம் வேலூரில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், அக்டோபரில் வடகிழக்கும் வந்து கொட்டும், நடுவில் சில வருஷம் காய்ந்தும் போகும். ஒரே வருஷத்தில் இரண்டு கோடு விழலாம். கடும் வறட்சியில் ஒன்றுமே விழாமலும் போகலாம். அதிலும் புளியில் கோடு இயல்பாகவே மங்கல். பனை, தென்னை புறக்காழ், அதாவது வைரம் வெளிப்பக்கம் இருக்கும் வகை; அவற்றில் வளையமே கிடையாது.

சரி, ஆண்டுக்கு ஒன்றுதான் என்றே வைத்துக்கொள்வோம். 1876-க்கு நேராக ஒரு குறுகிய வளையம் இருந்தால் அது பஞ்சமா? அந்த வருஷம் ஆட்டுக்குத் தழை ஒடித்திருக்கலாம், வேரை வெட்டியிருக்கலாம். ஒரு வீட்டில் அடுப்பெரியவில்லை என்றால் அது அந்த வீட்டுக் கதை. தெரு முழுக்க எரியவில்லை என்றால்தான் பஞ்சம். அதனால்தான் பல மரங்களின் வளைய வரிசையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விட்டுப்போனதையும் பொய்க் கோட்டையும் களைகிறார்கள். அமெரிக்காவில் டக்ளஸ் என்ற வானியலாளர் நூறாண்டுக்கு முன் ஊன்றிய முறை இது.

நம் பக்கம் இதற்குத் தோதான மரம் தேக்கு. கோடையில் இலையை மொத்தமாக உதிர்த்துவிட்டு நிற்கும். மழை வந்ததும் பெரிய பெரிய துளைகளாக ஒரு வரிசை போட்டுத்தான் புது வளையத்தைத் தொடங்கும். குறுக்கே அறுத்த முகத்தை உப்புத்தாளில் நன்றாக இழைத்து, ஈரத்துணியால் துடைத்தால் அந்தத் துளை வரிசை வெறுங்கண்ணுக்கே தெரியும். கேரளத் தேக்குகளை வைத்து 1481 முதல் 2003 வரை, 523 வருஷத்துக்கு வளைய வரிசை கட்டியிருக்கிறார்கள். எல் நினோ (பசிபிக் கடல் சூடேறுவது) வந்து பருவமழை பொய்த்த ஆண்டுகளில் வளையம் ஒடுங்குவது அதில் தெரிகிறது.

உடனே வீட்டுத் தூணை அறுக்கப் போய்விடாதீர்கள்! தச்சர் வெளி வெள்ளையைச் செதுக்கித் தள்ளிவிட்டு வைரத்தில்தான் தூண் கடைந்திருப்பார். கடைசி வளையங்கள் அத்தோடு போயிற்று. மரம் சாய்ந்த வருஷத்தைத் தூணிலிருந்து நேரே எண்ண முடியாது. இன்னொன்று, பழைய வீடுகள் பலவற்றில் இருப்பது பர்மாத் தேக்கு. அதில் எழுதியிருப்பது பர்மாவில் பெய்த மழை. பாலாற்றில் வெள்ளம் வந்ததா என்று அதனிடம் கேட்டால் அது என்ன சொல்லும்?

உங்கள் மரத்தின் வயதுதான் வேண்டும் என்றால் வளையத்தைவிடக் காகிதம் மேல். பழைய கிரயப் பத்திரம், பாகப் பிரிவினைப் பத்திரங்களில் ‘புளியமரம் 1 உள்பட’ என்று எழுதியிருப்பார்கள். மரம் புறம்போக்கு ஓரமாக நின்றிருந்தால் தாத்தா பேரில் 2சி பட்டா (புறம்போக்கு மரத்தின் பலனை அனுபவிக்கத் தரும் பட்டா) இருந்ததா என்று தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். ‘பழைய பதிவேடு இல்லை’ என்பார்கள். எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், சில சமயம் கிடைத்துவிடும்.

எனக்கும் இந்த அனுபவம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் சாலையோர மரங்களை ஏலம் விட்டபோது, மரத்துக்கு இரண்டங்குல வட்டு மட்டும் வேண்டுமென்று ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். ‘உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று பதில் வந்தது. அதற்குள் மரமெல்லாம் செங்கல் சூளையில் எரிந்து முடிந்திருந்தது.

உங்கள் வட்டை வெயிலில் போடாதீர்கள், பிளந்துவிடும். நிழலில், தரை படாமல் இரண்டு கட்டை மேல் வைத்து, மெல்லக் காயவிடுங்கள். எந்த ஊர், எந்தச் சர்வே எண், எந்தத் தேதியில் வெட்டியது என்று பின்பக்கம் பெயின்டில் எழுதுங்கள். கறிக்கடைக்காரர்கள் புளியங்கட்டைக்கு அலைகிறார்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள்.