ஹெகலை எந்தப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவது?

கேள்வி: ஜெர்மன் தத்துவவாதி ஹெகலின் 'ஆன்மத்தின் நிகழ்வியல்' நூலை ஆங்கில மொழிபெயர்ப்பில் மூன்று முறை எடுத்தும் முன்னுரையைத் தாண்ட முடியவில்லை. தத்துவத்தை நான் முறையாகப் பயின்றவனல்லன். காண்ட், ஃபிக்டே, ஷெல்லிங் என வரிசையாகப் படித்துவிட்டுத்தான் ஹெகலிடம் வர வேண்டுமா?

பதில்: முன்னுரையில் நின்றுபோனது உங்கள் குறையன்று. 1807இல் வெளிவந்த அந்நூலின் உடற்பகுதியை முடித்த பிறகே ஹெகல் முன்னுரையை எழுதினார். முழுப் பயணத்தையும் கடந்தவர் திரும்பிப் பார்த்துப் பேசுவது அது. அதைக் கடைசியில் படியுங்கள். அடுத்து வரும் சிறிய 'அறிமுக'மும் 'புலன் உறுதி' அத்தியாயமுமே உங்களுக்கான வாசல்.

எல்லோரையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் காண்ட் விட்டுச்சென்ற ஒரு சிக்கல் மனத்தில் இருக்க வேண்டும். பொருள்கள் நமக்குத் தோன்றும் விதத்தையே அறிகிறோம், அவை தம்மளவில் எப்படிப்பட்டவை என்பதை அறிய இயலாது என்று 1781இல் 'தூய பகுத்தறிவின் விமர்சனம்' நூலில் அவர் வாதிட்டார். அறியவே இயலாத அப்பொருள் நம் புலன்களைத் தாக்குகிறது என்று மட்டும் எப்படிச் சொல்ல முடிந்தது என 1787இல் யாக்கோபி என்ற ஜெர்மன் சிந்தனையாளர் கேட்டார். பின்வந்த ஃபிக்டே, ஷெல்லிங், ஹெகல் மூவரும் தத்தம் வழியில் இந்த இடறலோடு மல்லுக்கட்டியவர்களே. காண்டைச் சுருக்கமாக அறிய, 1783இல் அவரே எழுதிய 'புரோலிகோமினா' போதும். இவர்களது தத்துவத்துக்கு வழங்கும் 'கருத்துமுதல்வாதம்' என்ற நம் சொல்லைக் கேட்டு, உலகம் மனத்துக்குள் மட்டுமே இருப்பதாக இவர்கள் சொன்னார்கள் என்று கொள்ள வேண்டாம். 'தூய பகுத்தறிவின் விமர்சன'த்தின் 1787ஆம் ஆண்டுப் பதிப்பில் காண்ட் அத்தகைய கருத்தை மறுத்துத் தனிப்பகுதியே சேர்த்தார்.

இனி முக்கியமான செய்தி. ஒவ்வொரு பத்தியிலும், இதைச் சொல்வது யார் என்று கேளுங்கள். ஹெகல் பல இடங்களில் தம் கருத்தைச் சொல்வதில்லை. ஆராயப்படும் உணர்வுநிலை தன்னைப் பற்றித் தானே நம்புவதைச் சொல்கிறார், பிறகு 'நமக்கு' என்ற சொல்லோடு அருகிலிருந்து கவனிப்பவரின் பார்வைக்கு மாறுகிறார். 'புலன் உறுதி'யில், கண்முன் இருப்பதை அப்படியே பற்றுவதே மிகச் செழுமையான அறிவு என்று நம்பும் உணர்வுநிலையிடம் 'இப்போது' என்றால் என்னவென்று கேட்கிறார். 'இப்போது இரவு' என்று அது எழுதிவைக்கிறது. நண்பகலில் பார்த்தால் அவ்வுண்மை ஊசிப்போயிருக்கிறது. இரவுக்கும் பகலுக்கும் ஒருசேரப் பொருந்தும் 'இப்போது' ஒரு பொதுமையாகிவிட, தனிப்பொருளைக் கையில் பிடித்திருப்பதாக நினைத்த உணர்வுநிலை வெறுங்கையோடு நிற்கிறது. வெளியிலிருந்து யாரும் மறுக்கவில்லை. அது தன் அளவுகோலாலேயே தோற்றது. நூல் முழுவதும் நகர்வது இப்படித்தான். ஹெகலின் முறையாகப் பலரும் ஒப்பிக்கும் 'கூற்று, எதிர்க்கூற்று, இணைப்பு' வாய்பாட்டை ஒதுக்கிவிடலாம். அது ஃபிக்டேயின் சொல்வழக்கு, ஹெகல் தம் முறைக்கு அப்பெயரைச் சூட்டியதில்லை.

ஹெகல் அடிக்கடி ஆளும் 'ஆஃப்ஹேபன்' (aufheben) என்னும் ஜெர்மன் சொல் நீக்குவதையும் பாதுகாப்பதையும் உயர்த்துவதையும் ஒருங்கே குறிப்பது. ஆங்கில மொழிபெயர்ப்பாளர்களைத் திணறவைக்கும் இச்சொல்லுக்குத் தமிழில் 'எடு' வியப்பூட்டும் அளவுக்கு நெருங்கி வருகிறது: எடுத்துவிடுகிறோம், எடுத்துவைக்கிறோம், தூக்கியெடுக்கிறோம். அச்சொல் வருமிடமெல்லாம் இம்மூன்றையும் ஓரத்தில் எழுதிப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு பத்திகளுக்கு மேல் வேண்டாம். மில்லரின் 1977ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் பத்திகளுக்கு எண் உண்டு; அந்த எண்ணைக் குறித்து, பத்தி சொல்வதை இரண்டு தமிழ் வாக்கியங்களில் எழுதிய பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள்.