சட்டமும் நீங்களும்: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்கள்

கேள்வி: என் மகள் நான்கு ஆண்டுகள் சட்டம் படித்து, சிங்கப்பூரில் வழக்கறிஞராகச் சேர எழுத வேண்டிய பகுதி 'பி' தேர்விலும் தேறி, ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் உள்ள ஒரு சட்ட நிறுவனத்தில் பயிற்சி பெறுகிறாள். பல நாள் இரவு பதினொரு மணிக்குத்தான் வீடு திரும்புகிறாள். என்ன வேலை என்று கேட்டால், "ஆவணங்களுக்குப் பக்க எண் போட்டேன், அப்பா" என்கிறாள். இதற்காகவா படிக்க வைத்தோம்? (ஈசூன் வாசகர்)

பதில்: ஏறத்தாழ இதே சொற்களில் என் தந்தையாரும் ஒருகாலத்தில் கேட்டதால், கடிதத்தைப் படித்ததும் சிரிப்பு வந்தது. அப்போது ஆவணத் தொகுப்புகளைத் தாள்களாக அடுக்கித் தள்ளுவண்டியில் வைத்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவோம். ஓர் ஒப்பந்தத்தை நகலெடுத்தபோது, நிபந்தனைகள் அச்சிடப்பட்டிருந்த அதன் பின்பக்கத்தை நான் விட்டுவிட்டேன். விசாரணையில் என் மூத்தவர் ஏழாம் நிபந்தனையைச் சுட்டிக்காட்டி வாதிடத் தொடங்கினார். நீதிபதி பக்கத்தைப் புரட்டினார். அங்கே வேறொரு கடிதம் இருந்தது. அந்த அரை நிமிட அமைதியை நான் இன்னும் மறக்கவில்லை.

இப்போது பெரும்பாலானவை மின்னியல் முறையில் தாக்கலாகின்றன என்றாலும் வேலையின் இயல்பு மாறவில்லை. எந்தக் கடிதத்துக்கு எது பதில், எந்த மாதத்தில் கடிதப் போக்குவரத்து திடீரென நின்றது, யார் கையொப்பம் இல்லை என்பதையெல்லாம் முதலில் காண்பவர் பக்க எண் இடுபவரே. உங்கள் மகள் கருத்தூன்றி அதைச் செய்தால், அந்த வழக்கின் உண்மைகளை அவருடைய மேற்பார்வை வழக்கறிஞரைவிட நன்றாக அறிந்தவராக அவரே இருப்பார். 2024ஆம் ஆண்டுப் பகுதி 'பி' பிரிவினரிலிருந்து பயிற்சிக் காலம் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டாக நீட்டிக்கப்பட்டதற்கு, இத்தகைய பழக்கங்கள் ஊறி வர அவகாசம் வேண்டும் என்பதும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் உங்கள் கவலையை நான் தள்ளிவிடவில்லை. விசாரணைக்கு முந்திய வாரத்தில் பதினொரு மணி ஆவது வேறு, எந்த வழக்கும் நெருங்காதபோதும் நாள்தோறும் பதினொரு மணி ஆவது வேறு. தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனனே புதிய வழக்கறிஞர்கள் சேர்க்கப்படும் நிகழ்வுகளில், இளையர்கள் இத்தொழிலை விட்டு விலகுவதைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவருகிறார். ஆகவே, "ஏன் தாமதம்?" என்று மகளிடம் கேட்பதைவிட, "இந்த வாரம் யாராவது உட்கார்ந்து உனக்கு எதையாவது சொல்லிக்கொடுத்தார்களா?" என்று கேட்டுப் பாருங்கள். தொடர்ந்து பல வாரங்கள் "இல்லை" என்றே பதில் வந்தால், அவர் மேற்பார்வை வழக்கறிஞரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. நீங்கள் போய்ப் பேசாதீர்கள்.

கேள்வி: நான் பயிற்சி வழக்கறிஞர். வேலையிடத்தில் காயமடைந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஒருவருக்காக, அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவன் நான் மட்டுமே என்பதால், என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அவர் "சாரத்திலிருந்து விழுந்தேன்" என்றார். சாரம் என்றால் சுருக்கம் என்று மட்டுமே அறிந்திருந்த நான், ஏணியாக இருக்கும் என்று ஊகித்து வரைவில் அப்படியே எழுதிவிட்டேன். கட்டடத்தில் ஏறி நின்று வேலை செய்யக் கட்டும் மேடைதான் சாரம் என்று நேற்றுதான் பாட்டி சொல்லித் தெரிந்தது. நாளை மறுநாள் அந்தத் தொழிலாளர் பிரமாணப் பத்திரத்தில் (சத்தியம் செய்து அளிக்கும் எழுத்து வாக்குமூலத்தில்) கையொப்பமிடுகிறார். சொன்னால் பயிற்சிக்குப் பின் என்னை வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்களோ? (பெயர் வேண்டாம், செங்காங்)

பதில்: இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று, "இன்றே சொல்லிவிடுங்கள்" என உங்களுக்கு முன்பே எழுதிவிட்டேன். மற்ற வாசகர்களுக்காகக் காரணத்தை இங்கே விளக்குகிறேன். (கட்சிக்காரரின் இரகசியம் பயிற்சியாளரையும் கட்டுப்படுத்தும். பாட்டியிடம் சொல்லின் பொருளை மட்டும் கேட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதத்திலிருந்த சில விவரங்களை மாற்றியே வெளியிட்டிருக்கிறோம்.)

சாரத்தைக் கட்டியவர் யார், சரிபார்த்தவர் யார், தடுப்பு இருந்ததா என்ற கேள்விகள் வேறு. ஏணி தொடர்பான கேள்விகள் வேறு. அந்த ஒரு சொல்லில் வழக்கே திசைமாறக்கூடும். மருத்துவ அறிக்கையில் ஒன்றும் பிரமாணப் பத்திரத்தில் மற்றொன்றும் இருந்தால், குறுக்கு விசாரணையில் பொய்யராகத் தோன்றப்போவது நீங்கள் அல்ல, அந்தத் தொழிலாளர். மேலும், ஆங்கிலம் அறியாதவரின் பிரமாணப் பத்திரம் அவருக்குப் புரியும் மொழியில் முறைப்படி விளக்கப்பட்ட பின்னரே கையொப்பமாக வேண்டும். தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும்படி நீங்களே பரிந்துரையுங்கள். வீட்டில் பேசும் தமிழ் கட்டுமானத் தளத்துத் தமிழுக்குப் போதாது என்று ஒப்புக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை. எனக்கும் அது போதவில்லை.

மறைப்பதும் மறுப்பதும்தான் தவற்றைப் பெரிதாக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2020ஆம் ஆண்டுப் பகுதி 'பி' தேர்வில் ஏமாற்றிய ஆறு பேரின் வழக்கறிஞர் சேர்ப்பு விண்ணப்பங்கள் 2022இல் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, ஐவருக்கு ஆறு மாதமும், முதலில் தவற்றை மறுத்த ஒருவருக்கு ஓராண்டும் ஒத்திவைப்பு விதிக்கப்பட்டது. உங்களுடையது ஏமாற்று அல்ல, வெறும் பிழை. ஆனால் தெரிந்த பின் மௌனம் காக்கும் ஒவ்வொரு நாளும் அது வேறொன்றாக மாறிக்கொண்டே வரும். சொல்லப் போகும்போது திருத்திய வரைவையும் கையோடு கொண்டுபோங்கள். மூத்தவர் முதலில் கோபப்படுவார், பிறகு வரைவை வாங்கிப் படிப்பார்.

கேள்வி: லண்டனில் என் சித்தப்பா மகன் சொலிசிட்டர் பயிற்சி பெறுகிறார். அவர் திரும்பி வந்தால் இங்கு அப்படியே தொழில் செய்யலாமா? (ஜூரோங் வாசகி)

பதில்: அப்படியே முடியாது. அங்கு சொலிசிட்டர் (பெரும்பாலும் ஆலோசனை, ஆவணப் பணி), பாரிஸ்டர் (பெரும்பாலும் நீதிமன்ற வாதம்) என்று தொழில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. வழக்கமான சொலிசிட்டர் பயிற்சி ஒப்பந்தம் ஈராண்டு. 2021 முதல் புதிய தகுதித் தேர்வு முறையும் நடப்பில் உள்ளது. இங்கோ, ஒப்பந்தம் வரைபவரும் நீதிமன்றத்தில் வாதிடுபவரும் ஒரே வகை வழக்கறிஞரே. அவருடைய பட்டம் இங்கு அங்கீகரிக்கப்பட்ட பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தினுடையதா, அவர் சிங்கப்பூர்க் குடிமகனா நிரந்தரவாசியா என்பவற்றை முதலில் பாருங்கள். அவை பொருந்தினால் பொதுவாகப் பகுதி 'ஏ' (வெளிநாட்டில் சட்டம் படித்தவர்களுக்கானது), பகுதி 'பி' தேர்வுகளும் பயிற்சியும் உண்டு. லண்டன் பயிற்சியில் எவ்வளவு இங்கு கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்பதை, அவர் விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே சிங்கப்பூர்ச் சட்டக் கல்விக் கழகத்திடம் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.