ஒன்பதாம் வகுப்போடு நின்றவர் 29 வயதில் பத்தாம் வகுப்புச் சான்றும் தொழிற்சான்றும் பெற முடியுமா?

கேள்வி: சூளகிரி பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறேன். வயது 29. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஷிப்டு வேலை. பத்தாம் வகுப்புச் சான்றிதழும் ஏதாவது ஒரு தொழிற்சான்றும் அரசு செலவில் பெற வழி உண்டா? வயது தடையாகுமா?

பதில்:

தம்பி, வயது தடையே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இனிமேல் நம்மை யார் உட்கார விடுவார்கள்" என்று நினைத்தே நான் ஆறேழு வருடங்களை வீணாக்கினேன்.

எனக்கு ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். 2001இல் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றேன். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகவில்லை. 2004இல்தான் தர்மபுரியிலிருந்து பிரித்தார்கள். என் மாற்றுச் சான்றிதழில் இன்றும் தர்மபுரி மாவட்டம் என்றுதான் இருக்கிறது. அப்பா படுத்துவிட்டார். என்னைப் பஞ்சாலைக்கு அனுப்பினார்கள். பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள், மாம்பழக் காலத்தில் கூழ் ஆலையில் தினக்கூலி. 2023இல், 36 வயதில், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றேன். அடுத்த ஆண்டு அரசு ஐடிஐயில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், கணினிப் பிரிவை முடித்தேன். இப்போது ஓர் இ-சேவை மையத்தில் வேலை செய்கிறேன். உங்கள் கேள்வியோடு வருகிறவர்களை அங்கே அடிக்கடி பார்க்கிறேன்.

அவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஒரு நாளில் உங்களுக்கென்று எத்தனை மணி நேரம் இருக்கிறது? இந்த வழிகளில் பணச் செலவு மிகக் குறைவு. கேட்பதெல்லாம் நேரத்தைத்தான். வேலையை விட முடியாதவருக்கு ஒரு வழி, இரண்டு வருடம் பகலை ஒதுக்க முடிந்தவருக்கு வேறு வழி. இதை முடிவு செய்யாமல் கிடைத்த படிவத்தையெல்லாம் நிரப்பினால் அலைச்சல்தான் மிஞ்சும்.

ஷிப்டு வேலையை விட முடியாது என்றால், உங்கள் வழி தனித்தேர்வர், அதாவது பள்ளியில் சேராமலே தேர்வு எழுதுவது. பதினான்கரை வயது நிறைந்த யாரும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நேரடியாக எழுதலாம், உச்ச வயது என்று ஒன்று இல்லை. எட்டாம் வகுப்புத் தேர்ச்சிக்கு ஆதாரம் இருக்க வேண்டும். நீங்கள் ஒன்பதாம் வகுப்பு வரை போனவர், அது உங்களிடம் இருக்கும். எட்டாம் வகுப்பே முடிக்காதவர்களுக்கும் பன்னிரண்டரை வயதுக்கு மேல் தனியாக எட்டாம் வகுப்புத் தேர்வு நடக்கிறது. இதற்கெல்லாம் கட்டணம் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் போட முடியாது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் கல்வி மாவட்டம்தோறும் அமைக்கும் சேவை மையத்துக்கு நேரில் போக வேண்டும். பெரும்பாலும் அது ஏதாவது ஒரு பள்ளியாக இருக்கும்.

இப்போது சொல்லப் போவதை இரண்டு முறை படியுங்கள். அறிவியல் பாடத்துக்கு 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 25 மதிப்பெண் செய்முறை. முதல்முறை எழுதும் தனித்தேர்வர், செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாகப் பதிவு செய்து, ஒதுக்கப்படும் பள்ளிக்குப் போய், 80 சதவீத வருகையோடு பயிற்சியை முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் தேர்வுக்கே விண்ணப்பிக்க முடியும். இந்தப் பதிவு கல்வியாண்டின் தொடக்கத்திலேயே நடந்து முடிந்துவிடும். தேர்வு மார்ச், ஏப்ரலில்தானே என்று டிசம்பரில் போய் நிற்பவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

என்னையும் அனுப்பினார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு டுடோரியலில் பணம் கட்டியிருந்தேன். "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் படித்தால் போதும்" என்றார்கள். செய்முறைப் பதிவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐந்து மாதம், அடுப்பங்கரையில் புத்தகத்தை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்துப் படித்தேன். டிசம்பரில் சேவை மையத்தில், "செய்முறைப் பயிற்சிச் சான்று எங்கே அம்மா?" என்று கேட்டபோது எனக்குக் கேள்வியே புரியவில்லை. ஒரு வருடம் போயிற்று. டுடோரியல்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அந்த வருடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அடுத்த ஜூன் மாதம் நானே கல்வி அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு செய்தேன். எனக்குச் சனிக்கிழமைகளில் பயிற்சி. குவிலென்சை வைத்துச் சுவரில் ஜன்னலின் தலைகீழ் பிம்பம் விழச் செய்து, குவியத் தொலைவை அளந்த அன்று வீட்டுக்கு வந்து பிள்ளைகளிடம் அதை மூன்று முறை சொன்னேன். வெள்ளி இரவு ஷிப்டு வந்தால் மறுநாள் பயிற்சிக்குப் போவது கடினம் என்பதால், பதிவு செய்தவுடனே உங்கள் சூப்பர்வைசரிடம் பேசி ஷிப்டை மாற்றிக்கொள்ளுங்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, தேர்ச்சிக்கு ஒவ்வொரு பாடத்திலும் 35 வேண்டும். அறிவியலில் எழுத்துத் தேர்வில் குறைந்தது 20, செய்முறையில் குறைந்தது 15. உழைக்கும் கைகளுக்குச் செய்முறை கைகொடுக்கும். எல்லோரும் பயப்படுவது கணிதத்துக்கு. அதில் வடிவியல் வரைதல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8 மதிப்பெண். காம்பஸும் அளவுகோலும் பிடிக்கப் பழகினால் 16 மதிப்பெண் கைக்கு வந்துவிடும். கம்பெனியில் அளவு பார்த்து வேலை செய்கிற உங்களுக்கு அது வராமல் போகாது. மீதி 19க்குக் கணிதப் புத்தகத்தில் ஒன்றிரண்டு இயல்களை மட்டும் ஆழமாகப் பாருங்கள். நான் இதைப் புரிந்துகொள்ளாமல் புத்தகம் முழுவதையும் புரட்டி, ஏப்ரலில் கணிதத்தில் மட்டும் தவறிவிட்டேன். ஒரு பாடத்தில் தவறினால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி எழுதினால் போதும், தேர்ச்சி பெற்றவை அப்படியே நிற்கும். ஜூன் கடைசியில் துணைத்தேர்வு. எங்கள் ஊரில் அது மாம்பழக் கூழ் ஆலைகள் இரவு பகலாக ஓடும் காலம். ஒரு வாரக் கூலியை விட்டுத்தான் எழுதினேன். 41 மதிப்பெண் வந்தது. பாடப்புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2019இல் அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் யூடியூப்பில் இருக்கின்றன. ஓசூர் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு அவை பொருத்தமானவை.

இதற்கு மாற்று, மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (என்ஐஓஎஸ்). ஐந்து பாடங்கள், ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள், ஒவ்வொரு பாடமாக எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். தமிழிலும் எழுதலாம். கட்டணம் ஆயிரத்தைத் தாண்டும். அதில் கணிதத்தை எடுக்காமலே பத்தாம் வகுப்பை முடிக்கலாம் என்பதைக் கேட்டுப் பலர் மகிழ்ந்துபோகிறார்கள். நான் அவர்களைத் தடுத்துவிடுகிறேன். ஐடிஐயில் பிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்பில் கணிதமும் அறிவியலும் படித்திருக்க வேண்டும். இன்று தவிர்த்த பாடம் நாளை அந்தக் கதவை அடைத்துவிடும். உங்களுக்குத் தொழிற்சான்றும் வேண்டும் என்பதால் மாநிலத் தேர்வையே எழுதுங்கள் என்பது என் கருத்து.

வேலையை இரண்டு வருடம் விட முடியும், வீட்டில் வேறு வருமானம் இருக்கிறது என்றால், இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பலருக்கும் தெரியாது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடே சேரக்கூடிய ஐடிஐ பிரிவுகள் இருக்கின்றன. வயர்மேன் அப்படி ஒன்று, இரண்டாண்டுப் படிப்பு. அதை முடித்துவிட்டு, பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலம் ஆகிய இரண்டு மொழித் தாள்களை மட்டும் எழுதித் தேர்ச்சி பெற்றால், பத்தாம் வகுப்புக்கு இணையான சான்று கிடைக்கும். கணிதம், அறிவியல், சமூக அறிவியல் தேர்வுகள் தேவையில்லை. கையில் தேசியத் தொழிற்சான்றிதழும் இருக்கும், பத்தாம் வகுப்புத் தகுதியும் இருக்கும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர்களுக்கு இதே முறையில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்று உண்டு.

தமிழ்நாட்டு அரசு ஐடிஐகளில் ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. நான் சேர முடிந்தது அதனால்தான். பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, காலணி, பாடப்புத்தகம், பஸ் பாஸ் தருகிறார்கள். 750 ரூபாயில் குடும்பம் நடத்த முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். என் கணவர் லாரி ஓட்டுகிறார். அவர் வருமானம் இல்லையென்றால் என்னால் அந்த ஓராண்டைத் தள்ளியிருக்க முடியாது. ஐடிஐக்குப் போகப் பெண்களுக்கான கட்டணமில்லா டவுன் பஸ் எனக்கு எவ்வளவு உதவியது என்று கணக்கே போட முடியாது. வகுப்பில் என் மூத்த மகன் வயதுப் பிள்ளைகள். முதல் வாரம் "மேடம்" என்று எழுந்து நின்றார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து "அக்கா".

தொழிற்சான்று என்றதும் பலர் நினைக்கும் குறுகிய காலப் பயிற்சிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் பயிற்சிகள், ஊரக இளைஞர்களுக்கான தீனதயாள் உபாத்யாய கிராமீன் கௌசல்ய யோஜனா, மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள், எல்லாம் இலவசம். வங்கிப் பயிற்சி நிலையத்தில் 18 வயது நிறைந்தால் சேரலாம், தங்க இடமும் சாப்பாடும் உண்டு. செல்போன் பழுது பார்ப்பது, தையல், மாடு வளர்ப்பு என்று சொந்தத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு அது மிக நல்ல இடம். எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் அங்கே பயின்று தையல் கடை வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பயிற்சிகளின் சான்றிதழ் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு மாற்றாகாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, மூன்று மாதப் பயிற்சிச் சான்றோடு குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பிக்க வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. குரூப் 4க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான் அடிப்படை.

இன்னொரு எச்சரிக்கை. ஓசூர் பஸ் நிலையம் பக்கம் சுவர்களில், "பத்தாம் வகுப்பு வேண்டாம், நேரடியாகப் பட்டம்" என்று ஒட்டியிருப்பார்கள். பத்தும் பன்னிரண்டும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கும் பட்டம் தமிழ்நாடு அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009லேயே அரசாணை வந்துவிட்டது. "தேர்வு எழுதாமலே சான்றிதழ்" என்பவர்கள் விற்பது போலி. வேலை கிடைத்த பிறகும் உண்மைத்தன்மைச் சோதனை வரும். அப்போது வேலையும் போகும், வழக்கும் வரும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். தர்மபுரியில் 68.5, மாநிலத்திலேயே கடைசி. கிருஷ்ணகிரியில் 71.5. இந்த எண்களுக்குள் என் மாமியார் இருக்கிறார். 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தன்னார்வலர்கள் மாலையில் பாடம் நடத்துகிறார்கள். மாமியார் நூறு நாள் வேலை முடிந்து வந்து, கை கால் கழுவிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தார். இப்போது பஸ்ஸின் ஊர்ப் பலகையைத் தானே படிக்கிறார். உங்கள் வீட்டிலும் அப்படி யாராவது இருந்தால், பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் நீங்கள் படித்த பள்ளிக்குப் போய் மாற்றுச் சான்றிதழை வாங்குங்கள். தொலைந்திருந்தால் நகல் கேளுங்கள், சேர்க்கைப் பதிவேட்டில் உங்கள் பெயர் கட்டாயம் இருக்கும். அதிலுள்ள பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி ஆகியவற்றை ஆதாரோடு ஒப்பிடுங்கள். நம் பக்கத்தில் பள்ளியில் சேர்த்தபோது வாய்க்கு வந்த ஜூன் மாதத் தேதியைச் சொல்லிவிட்டுப் போன பெற்றோர்கள் ஏராளம். என் விஷயத்திலும் பள்ளியில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி. மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. ஆதாரை மாற்றுவது அதைவிட எளிது. ஓசூர், தளி பக்கத்தில் தெலுங்கு, கன்னட வழியில் படித்தவராக இருந்தால், தமிழ்த்தாள் பற்றிய விதியையும் அதே நாளில் கல்வி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அதன் பிறகு செய்முறைப் பயிற்சிப் பதிவு எப்போது என்று அதே அலுவலகத்தில் விசாரித்து, அந்தத் தேதியைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். வார நாளில் போக வேண்டியிருக்கும். காலை ஷிப்டு இல்லாத வாரமாகப் பார்த்து, பத்து மணிக்கே போய்விடுங்கள்.